கொண்டை ஊசியில் கொதிக்கும் எண்ணெய்

மலைப்பாதையில் காரின் ஸ்டீயரிங் திடீரெனக் கனத்துப்போனால் பழி பம்ப் மீது விழுகிறது. பல நேரங்களில் தண்டனை அனுபவிப்பது நிரபராதி.

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறுக்குப் போகும் சாலை முந்தலைத் தாண்டியதும் மலையில் ஏறத் தொடங்குகிறது. போடிமெட்டு வருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஸ்டீயரிங்கை ஏறக்குறைய கடைசிவரை திருப்பியாக வேண்டும். ஏலத் தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப் எதிரே வந்துவிட்டால் திருப்பிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது வளைவில் சில கார்களில் அது நடக்கிறது. ஒற்றைக் கையால் சுற்றிய ஸ்டீயரிங், இரண்டு கையாலும் இழுத்தால்கூட முரண்டு பிடிக்கிறது. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எதுவுமே நடக்காதது போல் மறுபடி லேசாகச் சுற்றுகிறது.

மறுநாள் பட்டறையில் தீர்ப்பு தயாராக இருக்கிறது: "பம்ப் போச்சு". இந்த வகை வண்டிகளில் பம்ப், மோட்டார், அதை ஆட்டுவிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் பெரும்பாலும் ஒரே உருப்படியாகத்தான் விற்கப்படுகின்றன. விலை பல்லாயிரம் ரூபாய். சுற்றுலாப் பயணிகளையும் விமான நிலைய சவாரிகளையும் நம்பி வங்கித் தவணை கட்டும் ஒரு டாக்ஸி உரிமையாளருக்கு இது சிறிய தொகை அல்ல. அதைவிட மோசமானது அடுத்த கட்டம். புதிய பம்ப் போட்ட வண்டி சில மாதங்களில் அதே மலையில், அதே மாதிரி வளைவில் மறுபடி கனக்கிறது.

காரணம், சூடானது பம்ப்தான் என்றாலும் சூடாக்கியது வேறொன்றாக இருக்கலாம். எலெக்ட்ரோ-ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் எனப்படும் இந்த ஏற்பாட்டில், கோளாறு தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் அடிக்கடி வேறுவேறாக இருக்கின்றன. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளைப் போல இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. ஒன்று வெயிலால் வண்டியைச் சோதிக்கிறது. மற்றது வளைவுகளால்.

பவர் ஸ்டீயரிங்கின் கதை பழையது. அமெரிக்காவின் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக் காரில் வர 1951 ஆயிற்று. அந்த ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல்தான் முதல் கார். அன்றிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஏற்பாடு ஒன்றேதான்: இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்ட ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும், டிரைவர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கம் எண்ணெய் பாய்ந்து சக்கரங்களைத் தள்ளும். நேர்ச்சாலையில் மணிக்கணக்கில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே போனாலும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். டீசல் வீணாகும்.

மறுமுனையில், எண்ணெயே இல்லாமல் வெறும் மின்மோட்டாரால் திருப்பும் ஏற்பாட்டை ஜப்பானின் சுஸுகி நிறுவனம் 1988-ல் செர்வோ என்ற சிறிய காரில் கொண்டுவந்தது. இன்று புதிதாக வரும் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். இரண்டுக்கும் நடுவில் பிறந்த கலப்பினம்தான் எலெக்ட்ரோ-ஹைட்ராலிக். எண்ணெய் உண்டு, பம்ப் உண்டு, ஆனால் பெல்ட் கிடையாது. பம்ப்பை ஒரு மின்மோட்டார் சுற்றுகிறது. வண்டியின் வேகத்தையும் ஸ்டீயரிங் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதையும் பார்த்து, மோட்டாரை எவ்வளவு வேகமாக ஓட்டுவது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்கிறது. நேர்ச்சாலையில் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். திருப்பும்போது மட்டும் வேகமெடுக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமல்ல. சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் தயாராகி 2012-ல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டரின் ஸ்டீயரிங் இந்த வகைதான். மலைச்சாலைக்கு ஏற்ற வண்டி என்று பெயர் வாங்கிய அந்தத் தலைமுறை டஸ்டரின் இந்தியத் தயாரிப்பு 2022-ல் நின்றுவிட்டது. அதாவது சாலையில் இருக்கும் வண்டிகள் எல்லாம் பல மழைக்காலங்களைப் பார்த்தவை. பல கைகள் மாறியவை. சூட்டுக் கோளாறுகள் தலைதூக்கும் வயது அது.

(ஸ்டீயரிங்குக்குத் தமிழ்ச் சொல் தேடிப் போனால் கப்பலின் சுக்கானில் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலையாளிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு அது "வளையம்". வண்டி ஓட்டுவது "வளையம் பிடிப்பது". எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளோ எந்தச் சங்கடமும் இல்லாமல் ஸ்டீயரிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையும் அவர்கள் பக்கம்.)

சூடு எங்கிருந்து வருகிறது? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்குப் போகிறவர்கள் லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். முல்லைப் பெரியாறு நீர் அவற்றில் இறங்கி அழுத்தத்தோடு வந்து மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஓட்டம் என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் மின் நிலையத்துக்குக் கிடைக்கும் சக்தி. ஸ்டீயரிங் பம்ப்பில் அதே கணக்கு, தலைகீழாக. இங்கே மின்சாரம் கொடுத்து அழுத்தத்தை வாங்குகிறோம்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் மேற்கொண்டு நகர முடியாது. எண்ணெய் போக வழியில்லை. அழுத்தம் உச்சத்துக்கு ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெய் தொட்டிக்கே திரும்புகிறது. வேலை எதுவும் நடக்கவில்லை. எனவே செலவான சக்தி முழுவதும் சூடாகிறது. ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். 100 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 830 வாட். வீட்டில் துணி தேய்க்கும் பெட்டிக்குச் சற்றுக் குறைவு. அமைப்பில் உள்ள எண்ணெயோ ஒரு லிட்டர் அளவுதான். அந்த ஒரு லிட்டரின் வெப்பநிலை வினாடிக்கு அரை டிகிரி வீதம் ஏறும். எதிரே வந்த லாரி கடந்து போவதற்காக அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் 15 டிகிரி. இதைப்போல ஏழெட்டு வளைவுகள் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஸ்டீயரிங்கைக் கடைசி எல்லையில் சில வினாடிகளுக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம் என்று பல வண்டிகளின் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

நிஜ வண்டியில் கணினி அவ்வளவு தூரம் விடுவதில்லை. வெப்பம் ஒரு எல்லையைத் தாண்டினால் அது மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறது. இன்னும் ஏறினால் நிறுத்திவிடுகிறது. டிரைவர் உணரும் அந்தக் கனம் பெரும்பாலும் கணினியின் முடிவு, பம்ப்பின் மரணம் அல்ல. ஆறியதும் உதவி திரும்ப வருவதே அதற்குச் சாட்சி. பம்ப்பின் பல்லோ வேனோ தேய்ந்து போயிருந்தால் காலையில் வண்டியை எடுக்கும்போதே கனக்கும். டீ குடித்தால் சரியாகாது.

எனவே விவரம் தெரிந்த மெக்கானிக்கின் முதல் கருவி ஸ்பேனர் அல்ல, கேள்வி. எங்கே நடந்தது? எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு? இரண்டு பக்கமும் கனத்ததா, ஒரு பக்கம் மட்டுமா? மழையா, வெயிலா? ஏற்றமா, இறக்கமா? எத்தனை பேர் இருந்தார்கள்?

பதில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தால் அது ஒரு கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். மார்ச், ஏப்ரலில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியே வீசுகிறது. கேரளத்தின் மற்ற ஊர்கள் வியர்க்கும்போது பாலக்காடு வறுபடும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரச் சாலைகள் சமதளம். கொண்டை ஊசிகள் இல்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து, ஏ.சி.யை முழுசாக வைத்து, கடைவீதியில் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தும்போது பானெட்டுக்குள் காற்றோட்டமே இல்லை. வாளையாறு சோதனைச் சாவடி ஒரு காலத்தில் இதற்குப் பெயர் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிக வரிச் சாவடிகள் மூடப்படும் வரை லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அதற்கிடையே கார்கள் அங்குலம் அங்குலமாகத் திரும்பித் திரும்பி வழி தேடும்.

இந்த மாதிரி சமதளத்தில் சூடாகும் வண்டியில் சந்தேகம் முதலில் குளிர்விக்கும் பக்கம் போக வேண்டும். திரும்பி வரும் எண்ணெயை ஆறவைக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளைந்த குழாயோ, தகடுகள் வைத்த சிறு குளிர்விப்பானோ பல வண்டிகளில் உண்டு. அதில் சேறும் பூச்சியும் அப்பிக் கிடக்கிறதா? முன்னால் பட்டையாக ஒரு இரும்புத் தடுப்பு, நாலு கூடுதல் விளக்கு என்று அலங்காரம் செய்து காற்றை அடைத்திருக்கிறார்களா? அந்த இரும்புத் தடுப்புகளுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. பாதசாரிகளின் பாதுகாப்புக்காகச் சொன்னது என்றாலும் ஸ்டீயரிங்குக்கும் நல்லதே.

பதில் இடுக்கிப் பக்கமிருந்து வந்தால் கதை வேறு. அங்கே காற்று குளுமை. குறை குளிர்விப்பதில் அல்ல, சுமையில். சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்படுகிறதோ அவ்வளவு அழுத்தத்தைப் பம்ப் தர வேண்டும். ஏழு பேர், கூரை மேல் மூட்டை, காற்று குறைந்த டயர், அழகுக்காக மாற்றிய அகல டயர், துருப்பிடித்த பால் ஜாயிண்ட், அரைத்துப்போன ஸ்ட்ரட் பேரிங் ஒவ்வொன்றும் அந்தப் பலத்தைக் கூட்டுகின்றன. பம்ப் புகார் சொல்லாமல் உழைத்துச் சூடாகிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் போதும். நடுவில் எங்காவது பிடித்தாலோ, ஒரே சீராக இல்லாமல் கடித்துக் கடித்துச் சுற்றினாலோ நோய் பம்ப்பில் இல்லை. பத்து நிமிட வேலை. பல்லாயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

மலையில் இன்னொரு குற்றவாளியும் ஒளிந்திருக்கிறான். மின்சாரம். 830 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் சுமார் 70 ஆம்பியர் ஓட வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கொண்டை ஊசியில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் உற்பத்தி குறைகிறது. பனிமூட்டத்தில் விளக்குகள் எரிகின்றன. ரேடியேட்டர் விசிறி ஓடுகிறது. மின்சாரத்துக்கு எல்லோரும் கை நீட்டும் அதே வினாடியில்தான் ஸ்டீயரிங்கும் உச்சபட்சமாகக் கேட்கிறது. இத்தோடு தென்மேற்குப் பருவமழையின் கைவரிசையும் சேர்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் ஈரத்தில் ஓடிய வண்டியில் எர்த் வயர் பாடியோடு சேரும் இடம் பச்சைபூத்துப் போகிறது. அந்த இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 70 ஆம்பியரில் 1.4 வோல்ட் காணாமல் போகும். காணாமல் போனது எங்கே? ஏறக்குறைய 100 வாட் சூடாக அந்தச் சிறிய போல்ட்டில். பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குறைந்த வோல்ட்டில் அதே வேலையைச் செய்ய மோட்டார் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கிறது, மேலும் சூடாகிறது.

பேட்டரியைத் தனியாகச் சோதித்தால் இது பிடிபடாது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுவார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மறுமுனையைப் பம்ப்பின் எர்த் இணைப்பிலும் வைத்து, இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைச் சுற்ற வேண்டும். ஓட்டம் இருக்கும்போதுதான் இழப்பு தெரியும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். பாசிடிவ் பக்கத்துக்கும் இதே சோதனை.

இந்த இடத்தில் நம் பட்டறைகளின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த விளக்கு எரிந்தாலும் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது. விளக்கு அணைந்துவிடும், வாடிக்கையாளர் மகிழ்வார். ஆனால் வெப்பமா, வோல்ட் குறைவா, வேகத்தைச் சொல்லும் சிக்னல் வரவில்லையா என்று கணினி எழுதிவைத்த குறிப்பும் சில வண்டிகளில் அதோடு போய்விடும். சம்பவ இடத்தில் கிடைத்த கைரேகையைப் போலீஸ்காரரே துடைத்த மாதிரி. ஸ்கேனரை மாட்டிக் குறிப்பைப் படித்து எழுதிக்கொண்ட பிறகு எதை வேண்டுமானாலும் கழற்றலாம்.

எண்ணெய்க்கு வருவோம். அமைப்பின் ரத்தம் அது. நிறம் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் பலமுறை வெந்திருக்கிறது என்று அர்த்தம். நுரைத்திருந்தால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. காற்று கலந்த எண்ணெய் அழுத்தத்தையும் சரியாகக் கடத்தாது, சூட்டையும் கடத்தாது, பம்ப் ஊளையிடும். அளவு குறைந்திருந்தால் மிச்சமிருக்கும் கொஞ்சம் எண்ணெயே முழுச் சூட்டையும் சுமக்கிறது. நிரப்பியதும் பிரச்சினை தீர்ந்தது என்று அனுப்பிவிடக் கூடாது; குறைந்த எண்ணெய் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இவற்றைவிட ஆபத்தானது கலப்படம். ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு எண்ணெய் சில வண்டிகளுக்குச் சரி. வேறு சிலவற்றுக்குத் தனி ரகப் பச்சை எண்ணெய்தான். நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. தொட்டியின் மூடியில் அச்சடித்திருப்பதே கடைசி வார்த்தை. அவசரத்துக்கு மலை மேல் ஒரு கடையில் கிடைத்த பாட்டிலை ஊற்றிவிட்டு வந்தால், சீல்கள் உப்பிப்போவதும் ரப்பர் துகள்கள் குழாயில் சுற்றுவதும் அப்புறம் நிதானமாக நடக்கும். பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு செலவைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

பம்ப் பலியாடுதான், கொலையாளி வேறு என்பதற்கு உலக அளவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2010-ல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. மாஸ்டா 3, மாஸ்டா 5 என்ற அந்த மாடல்களில் ஓட்டும்போதே ஸ்டீயரிங் உதவி நின்றுபோனது. ஆராய்ந்தபோது அகப்பட்டது அழுத்தக் குழாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த துரு. துருத் துகள் பம்ப்புக்குள் போக, பாதுகாப்பு ஏற்பாடு பம்ப்பை நிறுத்தியது. குழாயைக் கவனிக்காமல் பம்ப்பை மட்டும் மாற்றியிருந்தால் புதிய பம்ப்புக்கும் அதே துரு பரிமாறப்பட்டிருக்கும்.

மினி கூப்பர் கார்களின் அனுபவம் இன்னொரு பாடம். 2002 முதல் 2005 வரையிலான மாடல்களில் ஸ்டீயரிங் உதவி போய்விடுகிறது என்பதற்காக 2015-ல் அமெரிக்காவில் சுமார் 86 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கார்களில் பம்ப்பைக் குளிர்விக்க அதன் அடியில், சாலையைப் பார்த்தபடி ஒரு குட்டி விசிறி உண்டு. கல்லும் தண்ணீரும் தெறிக்கும் இடம். விசிறி சிக்கி நின்றாலும் உடனே யாருக்கும் தெரியாது. பம்ப் வேகத் தொடங்கும்போதுதான் தெரியும். இடுக்கி மாதிரி இடத்தில் மண் சரிந்த சாலையில் ஓடும் எந்த வண்டியையும் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

டிரைவர்களின் பங்கும் இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, சில சமயம் இன்ஜினையே அணைத்துவிட்டு உருளும் பழக்கம் மலைச்சாலைகளில் இன்னும் சாகவில்லை. இன்ஜின் நின்றால் இந்த வகை ஸ்டீயரிங்கின் மோட்டாரும் நின்றுவிடும். பிரேக்கின் வேக்குவம் உதவியும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். கீழே வந்து "ஸ்டீயரிங் சூடாகி டைட் ஆயிடுச்சு" என்று புகார் சொல்பவரிடம், அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்பது அவமரியாதை அல்ல. கேட்டே தீர வேண்டிய கேள்வி. இன்னொரு பழக்கம், மலை ஊற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துச் சூடான எல்லாவற்றின் மீதும் ஊற்றுவது. பழைய ஜீப்பில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. பம்ப்போடு மின்னணுப் பெட்டியும் ஒட்டியிருக்கும் வண்டியில் கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சூட்டில் பிழைத்தது தண்ணீரில் சாகலாம்.

கார்த்திகை பிறந்து சபரிமலை சீஸன் தொடங்கினால் இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தமிழ்நாட்டு வண்டிகள் சாரிசாரியாகப் போகின்றன. வண்டி நிறைய ஆட்கள், கூரையில் மூட்டை, வளைவில் நெரிசல், முன்னால் பஸ், பின்னால் வேன். மைசூரிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் சமதளத்து டிரைவர்கள் வண்டி நின்றிருக்கும்போதே ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்த இடைவெளிக்காகக் காத்திருப்பார்கள். நின்ற வண்டியில் சக்கரத்தைத் திருப்புவதுதான் பம்ப்புக்கு மிகக் கடினமான வேலை. ஒரு முழம் உருளவிட்டுத் திருப்பினாலே பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். கடைசிவரை போய் முட்டிய பிறகு ஒரு விரற்கடை திரும்ப விட்டுப் பிடித்தால் பாதுகாப்பு வால்வு மூடிக்கொள்ளும், சூடும் குறையும். மலையில் பழகியவர்கள் காரணம் தெரியாமலே இதைச் செய்கிறார்கள்.

ஓடும்போதே கனத்துவிட்டால் என்ன செய்வது? பயப்படத் தேவையில்லை. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இரும்பு இணைப்பு அறுந்துவிடவில்லை, உதவிதான் போயிருக்கிறது. இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்தை நேராக வைத்து, பானெட்டைத் திறந்து விட்டு அரை மணி நேரம் ஆறவிடலாம். பவர் ஸ்டீயரிங் என்றால் என்னவென்றே தெரியாத ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இதே வளைவுகளில் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கியிருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஜீப்பின் ஸ்டீயரிங் பெட்டி, கைபலத்தை மட்டுமே நம்பி, அதிகச் சுற்றுகளில் லேசாகத் திரும்பும்படி அமைக்கப்பட்டது. உதவியை நம்பி அமைக்கப்பட்ட காரில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் உதவி போனதும் அது பழைய ஜீப்பைவிடவும் கனக்கிறது. ஆறிய பிறகு சரியாகிவிட்டதே என்று மீண்டும் உச்சிவரை ஏறுவது வேண்டாத துணிச்சல்.

கார்களில் இந்த ஏற்பாடு விடைபெறுகிறது என்பதால் பிரச்சினையும் விடைபெறும் என்று எண்ண வேண்டாம். மின்சார பஸ்களில் பெல்ட் மாட்ட ஓடும் இன்ஜின் இல்லை. பஸ்ஸின் எடைக்கு வெறும் மின்மோட்டார் உதவி மட்டும் போதாத இடங்களில், மின்மோட்டாரால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப்தான் ஸ்டீயரிங்கைத் தாங்குகிறது. பெரிய அளவில் அதே கலப்பினம், அதே எண்ணெய், அதே எர்த் இணைப்பு. அப்படிப்பட்ட பஸ்கள் போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏற ஆரம்பித்தால், இன்று டாக்ஸிக்காரர்கள் கற்கும் பாடத்தைப் பணிமனைகள் கற்க வேண்டியிருக்கும்.

பம்ப்பே உண்மையில் செத்துப்போகும் சந்தர்ப்பங்களும் இல்லாமல் இல்லை. மோட்டாரின் பேரிங் தேய்கிறது, மின்னணுப் பெட்டிக்குள் ஈரம் புகுகிறது, சாலிடர் விட்டுப்போகிறது. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். வந்தபிறகும் பழைய எண்ணெயை முழுக்க வடித்து, குழாய்களைக் கழுவி, சக்கரங்களைத் தூக்கி வைத்து இருபுறமும் சுற்றிக் காற்றை வெளியேற்றாமல் புதிய பம்ப்பை ஓட்டக் கூடாது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது உரிமையாளர் மூன்று எண்களை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லலாம்: ஸ்கேனர் படித்த கோளாறு எண், ஸ்டீயரிங்கைச் சுற்றும்போது எர்த்தில் காணாமல் போன வோல்ட், இருபது நிமிடம் வளைத்து ஓட்டிய பிறகு தொட்டியின் வெப்பநிலை. கடைசி எண்ணுக்கு வேண்டிய அகச்சிவப்பு வெப்பமானி பெரிய பட்டறைகளில் இப்போது சாதாரணம். சிறிய பட்டறைக்காரரும் வாங்கும் விலையில்தான் கிடைக்கிறது. முந்தலிலிருந்து கிளம்பும்போது ஒரு முறை, போடிமெட்டில் தேநீர்க் கடை முன் நிறுத்தி ஒரு முறை அதைத் தொட்டியை நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம். 100 டிகிரியை நெருங்கியிருந்தால் கீழே இறங்கியதும் மறுபடி ஜாக்கியை எடுக்க வேண்டியதுதான்.